கண்டக்டர் வீட்டுப் பெட்டூனியா

மழைக்காலத்தில் பெட்டூனியாச் செடிகளைச் சாகாமல் காப்பாற்றிக் காட்டினால்தான் எனக்குக் கல்யாணம் நடக்கும் என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்போது நான் சின்னப் பையன் ஒன்றும் இல்லை. மீசை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, தவணை முடியாத ஒரு மோட்டார் சைக்கிள்கூட இருந்தது. புத்தி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. இப்போதும் அது முழுதாக வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பது என் மனைவியின் கருத்து.

இந்தப் பேச்சை இப்போது எடுக்கக் காரணமும் அவள்தான். போன வாரம் நர்சரிக்குப் போய்ப் பெட்டூனியாச் செடிகளை வாங்கி வந்து, லோபாக்கில் எங்கள் வீட்டு வாசலில் கறுப்புப் பையோடு வரிசையாக வைத்துவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்க்க ஜொகூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஏறுவதற்கு முன்னால் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி மட்டும் ஊத்துங்க. நீங்களா ஒன்னும் யோசிக்காதீங்க."

யோசிக்கவில்லை. ஆனால் தொட்டுப் பார்த்தேன். பெட்டூனியா இலையை நீங்கள் தொட்டிருக்கிறீர்களா? பார்க்க வெல்வெட் மாதிரி இருக்கும். தொட்டால் பிசுபிசு என்று விரலில் ஒட்டும், மிட்டாய் தின்ற குழந்தையின் கையைப் பிடித்த மாதிரி. முகர்ந்தால் ஈரத் துணியில் தேன் சிந்தியது போல ஒரு வாசம். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் லோபாக்கில் இல்லை. பெடாஸ் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், மழையில் நனைந்துகொண்டு, ஒரு பூப்பாத்தியின் முன்னால் குந்தியிருந்தேன்.

அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி நான். பெரிய கிராணி என்று ஒருவர் இருந்ததால் எனக்கு அந்தப் பெயர். உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நானே எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் கண்டக்டர் எங்கள் தோட்டத்தின் பெரிய மனிதர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கிற உத்தியோகம். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர்களுக்கு மேலே, துரைக்குக் கீழே. மனிதர் அதிகம் பேச மாட்டார். பால்மரத்தின் பட்டையில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போயிருந்தால் போதும், மரத்தைப் பார்த்தே சொல்வார், "பாவம், ஒன்ன எவன் இப்படிப் பண்ணான்?" பின்னால் நிற்கிற வெட்டுக்காரருக்கு வேர்த்துவிடும். மனிதர்களையும் அவர் அப்படித்தான் தடவிப் பார்க்கிறார் என்பது என் பயம்.

அவருடைய மூத்த மகள் ஸ்டெல்லா, தோட்டத்துப் பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கண்டக்டர் வீட்டு வாசலில் ஒரு நீளமான பூப்பாத்தி. மற்றவர்கள் வீட்டில் செம்பருத்தி, காசித்தும்பை, பத்துமணிப்பூ என்று நம் வெயிலுக்குப் பழகியவை இருக்கும். அவர் வீட்டில் பெட்டூனியா. கேமரன் மலையில் வாழ்க்கைப்பட்ட தங்கை கொடுத்த விதை. எங்கள் தோட்டத்தில் அந்தப் பூ வேறு யாரிடமும் இல்லை. குளிர் ஊர்ப் பூவாச்சே, இங்கே எப்படி வளரும் என்பீர்கள். நமக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்கிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கையை அக்குளில் சொருகிக்கொள்வார்கள். அவ்வளவுதான் எங்கள் பனிக்காலம். அந்த இரண்டு மூன்று மாதம்தான் பெட்டூனியாவுக்கு இங்கே வாழ்வு. சங்கடம் என்னவென்றால், எந்த மழை குளிர்ச்சியைக் கொண்டுவருகிறதோ அதே மழைதான் அதை அழுகவும் வைக்கும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது.

அந்த வருஷம் பள்ளி விடுமுறையில் கண்டக்டர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகத் தயாரானார். ஏதோ பழைய நேர்த்திக்கடன். போனால் கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் திரும்பி வருவார்கள் என்றதும் நான் விரல் விட்டு நாள் எண்ண ஆரம்பித்தேன். இந்தியாவில் ஆயிரம் சொந்தம் இருக்கும். அத்தை மகன், மாமன் மகன் என்று எவனாவது பொறியாளன் ஒருவன் குறுக்கே வந்து நின்றால்? உள்ள தைரியத்தை எல்லாம் திரட்டி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு மாலை நேரம் அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நடுவில் தோட்டத்துப் பால் விளைச்சல் பற்றியும் கொஞ்சம் பேசியதாக ஞாபகம்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காப்பி வந்தது. காப்பி ஆறியது. எழுந்து வாசலுக்கு வந்தார். நானும் பின்னால் போனேன்.

"நான் போய்ட்டு வந்தர்றேன் தம்பி," என்றார். பிறகு பாத்தியைப் பார்த்தார். "அதுவரைக்கும் இந்தப் பூவக் கொஞ்சம் பாத்துக்குங்க."

அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோட்டாரில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில் எனக்கு ஞானோதயம் பிறந்தது. இது பரீட்சை! செடியை ஒழுங்காக வைத்திருக்கிறானா பார்ப்போம், பிறகு பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசிப்போம். மரத்தைத் தடவிப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர் வேறென்ன செய்வார்?

அவர்கள் டாக்சி கிளம்பிய மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். என் முதல் கண்டுபிடிப்பு ஐஸ். குளிர் ஊர்ப் பூ என்றால் குளிர் வேண்டும். குளிர் வேண்டுமென்றால் ஐஸ் வேண்டும். பெடாஸில் சீனர் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி, மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, உடைத்து, மதிய வெயில் வருகிற நேரமாகப் பார்த்து ஒவ்வொரு செடியின் காலடியிலும் வைத்தேன். பால் எடை போட்டுவிட்டு அந்த வழியாக வந்த முனியாண்டி மண்டோர் மிதிவண்டியை நிறுத்திவிட்டார். அவருக்கு என் அப்பா வயது. என்னைக் கிண்டல் செய்வது அவருக்குச் சம்பளத்தோடு சேர்ந்த சலுகை.

"என்னா கிராணி, ஐஸ் காச்சாங் கடை போடப் போறீங்களா?"

"பூவுக்கு, மண்டோர். இது குளிர்ல வளர்றது."

"அப்படியா லா. சிரப்பு ஊத்தலையா?"

மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் மஞ்சளானது. வேருக்கு ஜன்னி கண்டிருக்க வேண்டும். ஐஸை நிறுத்தினேன்.

நிறுத்தவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எங்கள் நெகிரி மாநிலத்து மழை உங்களுக்குத் தெரியும். மதியம் மூன்று மணிக்கு மேல் வானத்தில் யாரோ டிரம்மைக் கவிழ்த்த மாதிரி ஊற்றும். காலையிலும் விடாது. மரம் நனைந்தால் வெட்ட முடியாது, ஜனங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பெட்டூனியாவோ, இதழ் ஒவ்வொன்றும் நனைந்த டிஷ்யூ பேப்பர் போல ஆகித் தண்டோடு ஒட்டிக்கொண்டது. செடிகள் தரையில் படுத்துவிட்டன. அன்றிரவு கனவில் கண்டக்டர் என் முதுகைத் தடவிப் பார்த்து, "பாவம், ஒன்ன எவன் இப்படிப் பண்ணான்?" என்றார்.

அப்போதுதான் இரண்டாவது கண்டுபிடிப்பு. மழைக்காலத்தில் பால்மரத்தின் வெட்டு நனையாமல் இருக்க, அதற்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, கறுப்புப் பசையால் ஒட்டிவிடுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் காடு முழுக்க மரங்கள் பாவாடை கட்டி நிற்பது போல இருக்கும். அவ்வளவு பெரிய மரத்துக்கே அது உதவுகிறது என்றால் இத்தனூண்டு செடிக்கு உதவாதா? கிடங்கில் வீணாய்க் கிடந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, குச்சிகள் நட்டு, ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகப் பாவாடை கட்டினேன். பசை என் கையிலும் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆபீசில் பெரிய கிராணி இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் என்னிடம் பேசினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. எப்போதும் பூசை முடிந்து அப்படியே லாபுவுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன். அதற்கும் போகவில்லை. காற்று அடித்தால் பாவாடை பறக்கும், யார் பிடிப்பது? மதியம் ஞானம்மா அக்கா குடையோடு அந்தப் பக்கம் வந்தார். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், கோயில் பாட்டுக் குழுவில் அவர் குரல்தான் தலைமைக் குரல்.

"என்னா தம்பி, கோயிலுக்கு வராம இங்க குந்திக்கிட்டு இருக்கீங்க?"

"பூவுக்குக் காவல்க்கா."

அவர் பாவாடைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க வரலைன்னா என்னா, ஒங்க பேரு வந்திருச்சே. ஃபாதரே வாசிச்சாரு லா."

பூசைக்கு வராதவர்களின் பெயரை ஃபாதர் பிரசங்க மேடையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டாரா? இது வேறா? இந்த விஷயம் கண்டக்டர் காதுக்குப் போனால் பூவோடு சேர்த்து பக்தியிலும் நான் தோற்றுப்போவேன். அடுத்த ஞாயிறு எப்படியாவது போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறும் போக முடியவில்லை. ஏனென்றால் சனிக்கிழமை வெயில் அடித்தது. பத்து நாள் மூடிக் கிடந்த வானம் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. நான் ஆபீசில் சம்பளக் கணக்கில் இருந்தேன். மாலையில் வந்து பிளாஸ்டிக்கைத் தூக்கினால் உள்ளேயிருந்து குப்பென்று ஆவி வந்தது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. செடிகள் வெந்த கீரை.

நான் பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேலிக்காரன் அழுதால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வழியாகப் போன இரண்டு பேர் நான் ஏதோ நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஸ்டெல்லா எங்கோ வேளாங்கண்ணிக் கடற்கரையில், பொறியாளன் ஒருவன் வாங்கிக் கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டிருப்பது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது.

பாவாடைகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் படுக்கப் போனேன். விடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால் பாத்தியின் நடுவில் முனியாண்டி மண்டோரின் பசுமாடு நிற்கிறது. மறைப்பு எதுவும் இல்லாததால் சாவகாசமாக வந்து, ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனை வரை ஒழுங்காக மேய்ந்து முடித்திருந்தது. பூ இல்லை, இலை இல்லை. விரல் நீளத்துக்குக் குச்சிகள் மட்டும். மேய்ந்ததற்கு வாடகையாக ஓர் ஓரத்தில் சாணியும் போட்டிருந்தது.

மண்டோர் ஓடி வந்தார். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கவுறு அறுந்துபோச்சு தம்பி. கண்டக்டர் வந்தா நானே சொல்றேன், என் மாடுதான்னு."

"வேணாம் மண்டோர். மாடு வர்றதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. நான்தான் அவிச்சேன்."

"அவிச்சீங்களா?"

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் மாட்டின் பக்கம் திரும்பி அதன் முதுகைத் தடவினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் குலுங்குவதில் தெரிந்தது. "அப்ப அது மேஞ்சதுக்குக் காசு கேக்க மாட்டீங்கல்ல?" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. யோசிப்பதையே விட்டுவிட்டேன். காலையில் ஆபீஸ் போகிற வழியில் ஒரு பார்வை, மாலையில் ஒரு பார்வை, சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி. மூன்றாவது ஞாயிறு பூசைக்குக் கிளம்பிச் சட்டைகூட மாட்டினேன். ஃபாதர் மறுபடி என் பெயரை வாசித்து, எல்லாரும் திரும்பிப் பார்ப்பதை நினைத்ததும் கழற்றிவிட்டேன். அன்று மதியம்தான் கவனித்தேன். மாடு மேய்ந்த ஒவ்வொரு குச்சியின் கணுவிலும், ஊசிமுனை அளவுக்கு, பச்சை.

நம்பிக்கையில்லாமல் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. உயிர் இருக்கிற பெட்டூனியாதான் அப்படி ஒட்டும்.

பிறகு நடந்ததை நான் நின்று பார்த்தேன் என்பதைத் தவிர எனக்கு அதில் பங்கில்லை. ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து கிளம்பின. முன்பு நெட்டையாக ஒல்லியாக நின்ற செடிகள் இப்போது குட்டையாக, புதராக, கன்னம் உப்பிய பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தன. மழையும் இப்போது தூறலாகத் தணிந்திருந்தது. கண்டக்டர் வருகிற வாரத்தில் ஊதாவும் வெள்ளையுமாக முதல் பூக்கள் விரிந்தன. எனக்கு அப்போது வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல? மோட்டாரில் போகும்போது பாட்டுப் பாடினேன். எதிரில் வந்த மாட்டுக்கு வணக்கம் வைத்தேன்.

டாக்சி வந்து நின்றபோது நான் பாத்திக்குப் பக்கத்தில், பூவும் நானும் ஒரே பார்வையில் தெரிகிற கோணத்தில், நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் இறங்கினார். என்னைக் கடந்தார். பூவைக் கடந்தார். நேராகக் கொல்லைப்புறத்துக் கழிவறைக்குப் போய்விட்டார். விமானத்தில் சாப்பிட்டது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லையாம்.

வெளியே வந்ததும் நானே ஆரம்பித்தேன். "ஐயா, பூவு..."

"எந்தப் பூவு?" என்றவர் திரும்பிப் பார்த்தார். "ஓ. மழைன்னதும் கட்டையா வெட்டி விட்டீங்களா? அப்படித்தான் செய்யணும். சொல்ல மறந்துட்டேன்." முனியாண்டி மண்டோர் மாட்டுக்குச் சேர வேண்டிய பாராட்டை நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அப்போது அவர் மனைவி பெட்டியை இறக்கிக்கொண்டே கேட்டார், "மாப்பிள்ள, கோட்டு தைக்கக் குடுத்தாச்சா? பொங்கல் முடிஞ்சதும் கல்யாணம், நாள் ரொம்ப இல்ல பாருங்க."

"யாருக்குங்க கல்யாணம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்சிக்காரர்கூடப் பார்த்தார். ஸ்டெல்லாதான் முதலில் புரிந்துகொண்டாள். "நீங்க கோயிலுக்கே போகலையா?" என்றாள், மெதுவாக.

எங்கள் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமானால் தொடர்ந்து மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். நான் முழுக்கைச் சட்டையோடு வந்து பேசிய மறுநாளே கண்டக்டர் லாபுவுக்குப் போய் என் அம்மாவைப் பார்த்திருக்கிறார். கல்யாணப் பேச்சைப் பெரியவர்களோடுதான் பேச வேண்டும், பையனோடு என்ன பேச்சு என்பது அவர் கணக்கு. அம்மா அன்றே சம்மதித்துவிட்டாள். மாப்பிள்ளையின் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் பெயரைச் சேர்த்துவிட்டார். அம்மா அவள் கோயிலில் மூன்று வாரமும் கேட்டிருக்கிறாள். நான் என் கோயிலில் கேட்டிருப்பேன், வெட்கப்பட்டுக்கொண்டு லாபு பக்கம் வரவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றேன் ஸ்டெல்லாவிடம், பிறகு தனியாக.

"நீங்க திடீர்னு கோயில்ல கேட்டு முழிப்பீங்க, ஞானம்மா அக்கா எனக்கு நடிச்சுக் காட்டுவாங்கன்னு இருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. கித்தாவை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். பாவாடை கட்டிய மரங்களை என் பேரனுக்குக் காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். மாமனார், மண்டோர், என் அம்மா, மூவரும் போய்விட்டார்கள். ஞானம்மா அக்கா சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறார், பாடுவதில்லை. பல கோயில்களில் ஓலையை இப்போது காகிதத்தில் அடித்துக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். நின்று படிக்க யாருக்கும் நேரமில்லை. பெட்டூனியாவை யாரும் மழையிலிருந்து காப்பாற்றுவதும் இல்லை, செத்தால் நர்சரியில் வேறு கிடைக்கிறது.

கண்டக்டர் வீட்டுப் பெட்டூனியா கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முந்திய வாரம், வாசலில் பந்தல் போட இடம் போதவில்லை என்று ஆரோக்கியம் கண்டக்டர் மண்வெட்டியோடு வந்தார். பூத்துக் குலுங்கிய பாத்தி முழுவதையும் ஒரு முனையிலிருந்து கொத்தித் தள்ளி, மணல் கொட்டி, மிதித்து மட்டம் செய்தார். மணல் சுமந்தது நான்.